இங்கிலீஷ் காதுல ஏறுதா, கண்ணுல ஏறுதா: ஹைஸ்கூல் பசங்களுக்கு டெஸ்ட் வைக்கறது எப்படி

நீலகிரி மாவட்டத்துல கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒம்பதாவது பத்தாவதுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். சில வருஷம் முன்னாடி ஒரு அக்டோபர் மாசம் லிசனிங் டெஸ்ட் வெச்சேன், போன்ல ஒரு ஆடியோவ போட்டு சின்ன ஸ்பீக்கர்ல கனெக்ட் பண்ணி மேஜை மேல வெச்சாச்சு, ரெண்டாவது நிமிஷத்துல மழை புடிச்சுகிச்சு, எங்க கிளாஸ் ரூமுக்கு தகர ஷீட் கூரை, அது மேல மழை விழுந்தா பக்கத்துல இருக்கறவங்க பேசறதே கேக்காது. நான் டெஸ்ட்ட நிறுத்தல. கடைசி பெஞ்ச்ல இருந்த பசங்க எல்லாம் பத்துக்கு மூணு நாலு. அத அப்படியே ரிஜிஸ்டர்லயும் ஏத்திட்டேன். ஒரு வாரம் கழிச்சு அதே பசங்க கிட்ட பக்கத்துல உக்காந்து அதே ஆடியோவ போட்டு கேட்டா முக்காவாசி சரியா சொல்றாங்க. அந்த மூணும் நாலும் பசங்களோட மார்க் இல்ல, கூரையோட மார்க். அந்த ரிஜிஸ்டர் பக்கத்த நெனச்சா இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

அதுக்கப்புறம் டெஸ்ட் வைக்கும்போதெல்லாம் எனக்குள்ள ஒரே கேள்விதான், இந்த மார்க் எதோட மார்க்? பையனுக்கு புரிஞ்சதோட மார்க்கா, இல்ல ஞாபகசக்தி, ஸ்பெல்லிங், கையெழுத்து, பொது அறிவு, அதிர்ஷ்டம் இதெல்லாம் கலந்த மார்க்கா? புரிதல தவிர மத்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வெளிய எடுக்கறதுதான் நல்ல டெஸ்ட் தயார் பண்ற வேலை. நான் எப்படி பண்றேன்னு சொல்றேன், உங்க ஸ்கூலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல்ல லிசனிங், ஏன்னா இதத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பத்தாம் வகுப்பு பப்ளிக் எக்ஸாம்ல லிசனிங்னு தனியா பேப்பர் கெடையாது, அதனால அந்த பீரியட்ல கிராமர் போட்டுடறோம். ஆனா இந்த பசங்க நாளைக்கு கோயம்புத்தூர்ல காலேஜ் போய் உக்காந்தா முதல் நாளே முழு லெக்சரும் இங்கிலீஷ்லதான் வரும், அப்ப காது தயாரா இல்லன்னா பாடமே போயிடும். சமச்சீர் புக்லயே லிசனிங் பயிற்சி இருக்கு, கிளாஸ்ல பழக அது நல்லது. டெஸ்ட்டுக்கு மட்டும் அத எடுக்காதீங்க, புக் பசங்க கையில இருக்கறதால முன்னாடியே படிச்சுட்டு வந்துருவாங்க, நோட்ஸ் போட்ட கைடும் கடையில கெடைக்குது.

ஆடியோவ நீங்களே ரெக்கார்ட் பண்ணுங்க. சாதாரண போன் போதும். ஆனா எழுதி வெச்சு வாசிக்காதீங்க, எழுத்துல இருக்கற இங்கிலீஷ் வேற பேச்சுல வர்ற இங்கிலீஷ் வேற. யார் யார்கிட்ட பேசறாங்க, என்ன விஷயம், எந்த எந்த தகவல் வரணும்னு ஒரு துண்டு பேப்பர்ல குறிச்சுகிட்டு இன்னொரு டீச்சர கூட்டிகிட்டு ரெண்டு பேரும் பேசுங்க. "ம்" "சாரி" "இல்ல இல்ல" எல்லாம் தானா வரும், அது வரணும். நியூஸ் வாசிக்கறவங்க நிமிஷத்துக்கு சுமாரா 150 வார்த்தை வேகத்துல போவாங்க, ஒம்பதாவதுக்கு 110லருந்து 130 சரியா இருக்கும், அதுக்கும் கீழ இழுத்து இழுத்து பேசினா அது நிஜ பேச்சு மாதிரியே இருக்காது. ஒண்ணரை நிமிஷம், மிஞ்சிப் போனா ரெண்டு நிமிஷம். வெறும் ரூம்ல எதிரொலி வரும், ஸ்கிரீன் துணி போட்டு பெட்டு கிடக்கற ரூம்ல ரெக்கார்ட் பண்ணா சுத்தமா வருது.

நான் போன வருஷம் பண்ண ஒண்ண சொல்றேன். மேட்டுப்பாளையத்துலருந்து மேல வர ரெண்டு ரோடு இருக்குல்ல, குன்னூர் வழி ஒண்ணு, கோத்தகிரி வழி ஒண்ணு. ஒரு பொண்ணு பஸ்ல இருந்து ஊட்டில இருக்கற அவ மாமாவுக்கு போன் பண்றா. குன்னூர் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்கு, பஸ்ஸ கோத்தகிரி வழியா விட்டுட்டாங்க, பத்தரைக்கு வந்துருவேன்னு சொன்னேன்ல, இப்ப பன்னெண்டு ஆயிடும், இல்ல பன்னெண்டேகால்னு வெச்சுக்கோங்க, பஸ் ஸ்டாண்டுக்கு வராதீங்க சேரிங்கிராஸ்ல நில்லுங்க, ஸ்வெட்டர மறந்துட்டு வந்துட்டேன், போன தடவ மாதிரியே, அத்தையோடத ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இவ்வளவுதான். இங்கிலீஷ்ல பேசினா ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்.

மொத்தம் ஆறு கேள்வி. ஏன் லேட்டு: மூணு படம், டயர் பஞ்சர், மண் சரிவு, டிராஃபிக் ஜாம், டிக் பண்ணணும். எந்த வழியா வர்றா: மேப்ல கோடு போடணும். எத்தன மணிக்கு வருவா: முள்ளு இல்லாத கடிகாரம், முள்ளு வரையணும். மாமா எங்க நிக்கணும்: சின்ன மேப்ல புள்ளி வைக்கணும். என்ன எடுத்துட்டு வரணும்: ஒரே வார்த்தை. கடைசி கேள்வி, இதுக்கு முன்னாடி அவ ஊட்டிக்கு வந்திருக்காளா, எப்படி தெரியும்? இந்த கடைசி கேள்விக்கு ஆடியோல நேரடி பதில் இல்ல, "போன தடவ மாதிரியே"ன்னு சொன்னத புடிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு, பதில் சொல்ல பசங்க கிட்டத்தட்ட எதுவுமே எழுத வேண்டியதில்ல. லிசனிங் டெஸ்ட்ல மூணு வரி பதில் எழுத சொன்னா நீங்க டெஸ்ட் பண்றது ரைட்டிங்கதான். ஒரு வார்த்தை எழுதற இடத்துலயும் ஸ்பெல்லிங் தப்புக்கு மார்க் குறைக்காதீங்க, வாசிச்சா ஸ்வெட்டர்னு புரியுதா, முழு மார்க். சாய்ஸ் கொடுத்தா மூணு போதும், நாலாவது சாய்ஸ் பெரும்பாலும் இடத்த நிரப்பத்தான் வருது, யாரும் அத எடுக்கறதில்ல, படிக்கற நேரம்தான் வீண்.

மணிய மூணு விதமா மாத்தி மாத்தி சொன்னது வேணும்னே பண்ணது. முதல்ல காதுல விழுந்த நம்பர எழுதிட்டு போறவங்களும் கடைசி வரைக்கும் கேட்டு புரிஞ்சுக்கறவங்களும் அங்கதான் பிரிவாங்க. ஆனா இப்படி ஒரு ஆடியோல ஒண்ணுதான் வைங்க, எல்லா கேள்விலயும் வெச்சா பசங்க நம்மள நம்ப மாட்டாங்க.

நம்ம பசங்க காது தடுமாற்ற இடம் சிலது இருக்கு. தெர்ட்டீன் தெர்ட்டி, ஃபிஃப்டீன் ஃபிஃப்டி. கேன், கான்ட். தமிழ்ல p சத்தத்துக்கும் b சத்தத்துக்கும் ஒரே எழுத்துதான்கறதால pig, big மாதிரி வார்த்தைல சத்தம் கலங்கும். இதையெல்லாம் தனித்தனி வார்த்தையா சொல்லி எது கேட்டுச்சுன்னு கேக்கற டெஸ்ட் எனக்கு பிடிக்கல, யாரும் நிஜத்துல அப்படி ஒத்த வார்த்தையா பேசறதில்ல. பேச்சுக்குள்ள வைங்க, டிக்கெட் விலை பதினஞ்சா அம்பதான்னு தெரியணும்னா முன்ன பின்ன இருக்கற பேச்சும் கை கொடுக்கும், அப்படி கை கொடுக்கறத பயன்படுத்திக்கறதும் புரிதல்தான். உச்சரிப்பு விஷயத்துல, ஒம்பதாவதுல நம்ம ஊர் இங்கிலீஷ்லயே ஆரம்பிங்க. வெள்ளைக்காரங்க உச்சரிப்பு பத்தாவது ரெண்டாம் டேர்ம்ல ஒண்ணு ரெண்டு போதும்.

டெஸ்ட் நாளன்னிக்கு கேள்வித்தாள முன்னாடியே கொடுத்துடுங்க, ஒரு நிமிஷம் படிக்க விடுங்க, அப்புறம் ஆடியோ. எதுக்காக கேக்கறோம்னு தெரியாம கேக்க சொன்னா அது ஞாபகசக்தி டெஸ்ட் ஆயிடும். கேள்வி எல்லாம் ஆடியோல தகவல் வர்ற வரிசைலயே இருக்கணும், ஒரு பதிலுக்கும் அடுத்த பதிலுக்கும் நடுவுல பத்து பதினஞ்சு செகண்ட் இடைவெளி வேணும், இல்லன்னா ஒண்ண எழுதும்போது அடுத்தது ஓடிடும். எத்தன தடவ போடறது? வெளிநாட்டுல படிக்க போறவங்க எழுதற ஐஇஎல்டிஎஸ் (IELTS) எக்ஸாம்ல ஒரே தடவதான் போடுவாங்க, கேம்ப்ரிட்ஜ் நடத்தற ஆரம்ப நிலை கீ (Key) எக்ஸாம்ல ரெண்டு தடவ. ஹைஸ்கூலுக்கு ரெண்டு தடவதான் நியாயம்னு நான் நெனைக்கறேன், முதல் தடவ விஷயம் புடிபடும், ரெண்டாவது தடவ விவரம். நடுவுல லாரி ஹாரன் அடிச்சாலோ பெல் அடிச்சாலோ தயங்காம நிறுத்திட்டு திரும்ப போடுங்க, எல்லாருக்கும்.

மழை கதைக்கு வர்றேன். எங்க கோத்தகிரி குன்னூர் பக்கம் வடகிழக்கு பருவமழை வெளுத்து வாங்கும், அக்டோபர் நவம்பர்ல லிசனிங் டெஸ்ட் போடாதீங்க. கூடலூர் பந்தலூர் பக்கம் இருக்கற டீச்சர்ங்களுக்கு ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆகாது, அங்க தென்மேற்குதான் பலம். கான்கிரீட் கூரை இருக்கற ரூம் ஒண்ணு கெடைச்சா, ஹைடெக் லேப் மாதிரி, பாதி பாதி கிளாஸா அங்க கூட்டிட்டு போங்க. ஸ்பீக்கர முன்னாடியே கரண்ட்ல சார்ஜ் போட்டு வைங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆடியோவ ஓட விட்டுட்டு நீங்களே போய் கடைசி பெஞ்ச்ல உக்காந்து கேளுங்க, அந்த ரெண்டு நிமிஷத்த நான் இப்ப ஒரு தடவ கூட விடறதில்ல.

இன்னொண்ணு. ரீடிங்ல நல்லா வாங்கற பொண்ணு லிசனிங்ல மட்டும் திரும்ப திரும்ப கம்மியா வாங்கினா உடனே இங்கிலீஷ் வீக்குன்னு எழுதிடாதீங்க. முன்னாடி உக்கார வெச்சு பாருங்க, சளி புடிச்சு காது அடைச்சிருக்கா கேளுங்க, அப்பவும் அப்படியேன்னா வீட்டுல சொல்லி காத டாக்டர்கிட்ட காட்ட சொல்லுங்க. எங்க கிளாஸ்ல ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம் காது சரியா கேக்கலங்கறது இப்படித்தான் தெரிய வந்துச்சு, அது வரைக்கும் அஞ்சாறு வருஷமா எல்லாரும் அவள கவனம் இல்லாத பொண்ணுன்னே சொல்லிட்டு இருந்திருக்கோம்.

இனி ரீடிங். கொஞ்சம் இத படிங்க: "கொப்பளி நேத்து சாயந்திரம் டுமுக்கைய ஜிங்கினான், அதனால டுமுக்கை மொழுங்கிடுச்சு." இப்ப கேள்வி. டுமுக்கைய ஜிங்கினது யாரு? கொப்பளி. எப்ப ஜிங்கினான்? நேத்து சாயந்திரம். டுமுக்கை ஏன் மொழுங்குச்சு? கொப்பளி ஜிங்கினதால. மூணுக்கு மூணு மார்க், ஒண்ணுமே புரியாம. நம்ம பசங்க பாசேஜ்ல பண்றது அச்சு அசலா இதுதான், கேள்வில இருக்கற வார்த்தைய பாசேஜ்ல தேடு, அந்த வரிய அப்படியே இறக்கு. டியூஷன்லயும் இததான் சொல்லித் தர்றாங்க. பசங்கள குத்தம் சொல்ல முடியாது, அப்படி வாங்க விடற கேள்விய கேக்கறது நாமதானே.

அதனால கேள்வில பாசேஜோட வார்த்தை வரக்கூடாது. பாசேஜ்ல "மழை ஓயாததால ஆறு மணிக்கே கடைய சாத்திட்டார்"னு இருந்தா, "அன்னிக்கு சாயந்திரம் ஏழு மணிக்கு போனா பொருள் வாங்க முடியுமா"ன்னு கேளுங்க. வரிய காப்பி அடிச்சா பதில் வராது, புரிஞ்சிருந்தா ஒரே வார்த்தைல வந்துடும்.

பாசேஜ் எதப் பத்தி இருக்கணும்? இங்க நான் ஒரு தடவ நல்லா சறுக்கினேன். நம்ம பசங்களுக்கு தெரிஞ்ச விஷயமா இருக்கட்டும்னு ஊட்டி மலை ரயில பத்தி பாசேஜ் போட்டேன். எங்க கிளம்புது, எங்க முடியுது, எந்த வருஷம் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. கிளாஸே அமோகமா வாங்குச்சு. சந்தேகம் வந்து பக்கத்து செக்‌ஷனுக்கு பாசேஜ் இல்லாம கேள்விய மட்டும் கொடுத்தேன், அவங்களும் பாதிக்கு மேல சரியா எழுதிட்டாங்க, 2005ங்கறது உட்பட, ஜிகே கிளாஸ்ல படிச்சது. பாசேஜே தேவைப்படல. இதுக்கு நேரெதிரா மெட்ரோ ரயில், பீச்னு போட்டா, பாத்தே இல்லாத பசங்க அந்த உலகத்த கற்பனை பண்ணவே நேரம் போயிடும்.

மலை ரயிலயே தூக்கிப் போடணும்னு இல்ல, கேள்விய மாத்தணும். மேட்டுப்பாளையத்துலருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், கல்லார்லருந்து குன்னூர் வரைக்கும்தான் பல்சக்கர தண்டவாளம், அங்க 12 அடி போனா 1 அடி ஏறற அளவுக்கு செங்குத்து, ஏற கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், இறங்க அத விட கம்மி. இவ்வளவும் பாசேஜ்ல இருக்கட்டும். கேள்வி: "குன்னூர்லருந்து ஊட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்த ஒருத்தர் பல்சக்கரம் வேலை செய்யறத பாத்திருப்பாரா?" இதுக்கு ஜிகே உதவாது, படிச்சு ரெண்டு தகவல சேர்த்தாத்தான் வரும். தெரிஞ்ச இடம், தெரியாத செய்தி, அதுதான் எனக்கு ஒத்து வருது. பஸ் டைம் போர்டு, ஸ்கூல் நோட்டீஸ், மருந்து டப்பால இருக்கற குறிப்பு, டீத்தூள் பாக்கெட் பின்னாடி இருக்கறது இதுவும் போடுங்க. சின்னதா ரெண்டு, பெருசா 250 300 வார்த்தைல ஒண்ணு, பத்து கேள்வி, 25லருந்து 30 நிமிஷம்.

பாசேஜ் கஷ்டமா சுலபமான்னு பாக்க என் வழி: நடுத்தரமா படிக்கற நாலஞ்சு பேர வேற செக்‌ஷன்லருந்து கூப்பிட்டு தெரியாத வார்த்தைய அடிக்கோடு போட சொல்வேன். யார் உதவியும் இல்லாம படிச்சு புரிஞ்சுக்க 100 வார்த்தைக்கு 98 தெரிஞ்சிருக்கணும்னு இந்த துறைல ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. நான் அவ்வளவு கறார் இல்ல, ஆனா நூத்துக்கு அஞ்சுக்கு மேல கோடு விழுந்தா அந்த பாசேஜ எடுத்துடுவேன்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கற இடம், வாக்கிய அமைப்பு. இந்த வாக்கியத்த பாருங்க: "தி மேன் ஹூ மெட் மை கிராண்ட்ஃபாதர் சோல்ட் தி எஸ்டேட்." யாரு வித்தது? முக்காவாசி பேர் தாத்தான்னு எழுதுவாங்க, ஏன்னா கிராண்ட்ஃபாதர் சோல்ட் தி எஸ்டேட்னு பக்கத்து பக்கத்துல இருக்கு. தமிழ்ல "எங்க தாத்தாவ சந்திச்ச ஆளு எஸ்டேட்ட வித்துட்டார்"னு வரும், வர்ணனை எல்லாம் ஆளுக்கு முன்னாடி வந்து முடிஞ்சிடும், ஆளும் வித்ததும் ஒட்டி நிக்கும். இங்கிலீஷ்ல ஆளுக்கு பின்னாடி வால் மாதிரி தொங்கும். வார்த்தை எல்லாம் தெரிஞ்சும் அர்த்தம் தலைகீழாப் போற இடம் இது. அதே மாதிரிதான் அன்லெஸ், ஆல்தோ, அப்புறம் இட், தே, திஸ் எதைக் குறிக்குதுங்கறது. பத்துல ரெண்டு கேள்வியாவது இதுலருந்து கேளுங்க. கஷ்ட வார்த்தைக்கு அர்த்தம் கேக்கறத விட இதுல பசங்களோட நிலைமை தெளிவா தெரியுது.

சத்தம் போட்டு வாசிக்க சொல்லி மார்க் போடறது ரீடிங் டெஸ்ட் இல்ல. தங்கு தடையில்லாம கணீர்னு வாசிக்கற பையன்கிட்ட என்னப்பா சொல்லியிருக்குன்னு கேட்டா திரு திருன்னு முழிப்பான், திக்கி திக்கி வாசிக்கற பொண்ணு விஷயத்த சரியா சொல்லிடுவா.

பதில தமிழ்ல எழுத விடலாமான்னு கேப்பீங்க. டேர்ம்க்கு ஒரு தடவையாவது விடுங்க. மார்க் வாங்காத பசங்களுக்கு புரியலையா, இல்ல புரிஞ்சும் இங்கிலீஷ்ல எழுத வரலையான்னு அப்பதான் தெரியும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. நம்ம மாவட்டத்துல இதுலயும் ஒரு சிக்கல், வீட்டுல படுகு பேசறவங்க, மலையாளம் கன்னடம் பேசறவங்க, கூடலூர் பக்கம் பணியர் பழங்குடி குழந்தைங்க, இவங்கள்ல பல பேருக்கு தமிழே ஸ்கூல்ல கத்துகிட்டது. அவங்களுக்கு டிக், படம், மேப், வாய்ல சொல்றது இதுதான் சரி.

நேரமே இல்லன்னா கிளோஸ் (cloze) டெஸ்ட் இருக்கு, வில்சன் டெய்லர்ங்கறவர் 1953ல கொண்டு வந்தது. ஒரு பாசேஜ்ல முதல் வரிய அப்படியே முழுசா வெச்சுட்டு அப்புறம் ஒவ்வொரு ஏழாவது வார்த்தையையும் அழிச்சு கோடு போட்டுடுங்க, பசங்க நிரப்பணும், அர்த்தம் பொருந்தற எந்த வார்த்தைக்கும் மார்க். பத்து நிமிஷத்துல பேப்பர் ரெடி.

பேப்பர் முடிச்சதும் ரெண்டு காரியம் பண்ணுங்க. வேற டீச்சர்கிட்ட பாசேஜோ ஆடியோவோ இல்லாம கேள்விய மட்டும் கொடுத்து எழுத சொல்லுங்க, அவங்க சரியா எழுதிட்ட கேள்விய தூக்கிடுங்க. அப்புறம் திருத்தினதுக்கப்புறம், முப்பது பேர் கிளாஸ்னா மேல இருக்கற பத்து பேப்பரையும் கீழ இருக்கற பத்து பேப்பரையும் தனியா வெச்சுகிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் எத்தன பேர் சரின்னு எண்ணுங்க. மேல எட்டு கீழ மூணு, நல்ல கேள்வி. மேல நாலு கீழ ஆறுன்னா கேள்விலதான் ஏதோ கோளாறு, பெரும்பாலும் ரெண்டு பதில் பொருந்தற மாதிரி இருக்கும், அந்த மார்க்க எல்லாருக்கும் கொடுத்துடுங்க. லிசனிங் மார்க்கையும் ரீடிங் மார்க்கையும் கூட்டி ஒரே நம்பரா எழுதாதீங்க, 8ம் 2ம் சேர்ந்தாலும் பத்து, 5ம் 5ம் சேர்ந்தாலும் பத்து, அந்த ரெண்டு பசங்களுக்கும் அடுத்த மாசம் பண்ண வேண்டியது ஒண்ணு இல்ல.

பேப்பர திருப்பிக் கொடுக்கற அன்னிக்கு ஆடியோவ இன்னொரு தடவ போடுங்க, இந்த தடவ பேசினத எழுதி பசங்க கையில கொடுத்துட்டு. எங்க தப்பா எழுதினாங்களோ அங்க கைய தூக்கினா நிறுத்தணும். போன வருஷம் அந்த பஸ் ஆடியோவுக்கு பன்னெண்டேகால்ங்கற இடத்துல பதினோரு கை தூக்குச்சு. அதுல ஒரு பையன், மிஸ், க்வார்ட்டர் பாஸ்ட்னா பாஸ்ட்டுதானே, முடிஞ்சு போனது, அதனால பன்னெண்டுக்கு முன்னாடின்னு நெனச்சேன்னான். அடுத்த பீரியட் முழுக்க கடிகாரம் வரைஞ்சோம்.